யார் பெயருக்குப் பிறகு நிறுத்துவது

பாயா சிரே வட்டார இந்தியர் நலன் மேம்பாட்டுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மைக் படுத்துக்கொண்ட அன்றுதான் குணாளனுக்குச் சனி பிடித்தது. தலைவர் காளியப்பன் வாயைத் திறக்கிறார், மூடுகிறார், சத்தம் மட்டும் வரவில்லை. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அந்த மண்டபத்தில் அப்படியோர் அமைதி இருந்ததில்லை. பின்வரிசையில் அப்பாவின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற குணாளன், மனசு கேட்காமல் மேடைக்குப் போய், கழன்றிருந்த ஒரு கம்பியைத் திருகிவிட்டு வந்தான். கூட்டம் முடிவதற்குள் அவனைத் தொழில்நுட்பப் பிரிவின் பொறுப்பாளர் என்று அறிவித்துவிட்டார்கள். பிரிவில் வேறு ஆள் கிடையாது.

பாயா சிரே, சிகாமட் டவுனிலிருந்து லாபிஸ் போகிற சாலையில், ஆற்றை ஒட்டிய கம்பம், மலாய்ப் பேச்சில் கிராமம். ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடலின்போது மூட்டை கட்டி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். சங்க மண்டபம் மேட்டில் இருக்கிறது, ஜனங்கள் பள்ளத்தில் இருக்கிறார்கள். பள்ளத்திலும் ஆற்றுக்கு ஆகக் கிட்டத்தில் இருப்பது கீழ்வரிசை. குணாளனின் வீடு அங்கேதான். அவன் அப்பா சதாசிவம் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று. குணாளன் லாபிஸில் இருக்கும் மரப்பலகைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனால், அவன் திரும்பி வரும்வரை அப்பா வீட்டில் தனியாகத்தான் இருப்பார்.

அந்த ஆற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மழை எங்கோ மலைப்பக்கம் பெய்யும். கம்பத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும், துணிகூடக் காயும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வாசற்படிக்கு வந்துவிடும். போன வெள்ளத்தின்போது பக்கத்து வீட்டுக் கருப்பாயி, காலையில் நாசி லெமாக் சோறு விற்றுவிட்டு வந்து கை கழுவாமல்கூட, ஒற்றை ஆளாகச் சதாசிவத்தை நாற்காலியோடு மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சக்கரம் பாதி தண்ணீரில் இருந்தது.

"கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா நாலு பேர கூப்பிட்டிருப்பேன் தம்பி," என்றாள் அப்புறம். "அடுத்த வாட்டி என் இடுப்பு தாங்காது. இப்பவே சொல்லிட்டேன்."

அந்த 'கொஞ்சம் முன்னாடி' என்பது குணாளனின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஆகவே, வெள்ள அபாயச் சைரன் ஒன்று அமைக்கப்போவதாகச் சங்கம் அறிவித்து, தொழில்நுட்பப் பிரிவைத் திரும்பிப் பார்த்தபோது, அவன் சரி என்றான். சங்கத்தில் அவன் சொன்ன முதல் சரி அது. அதற்குப் பிறகு சொன்ன சரிகளை அவனே எண்ணவில்லை.

அவன் நிபுணன் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் இயந்திரங்களின் மின்சுற்று அட்டை எரிந்துபோனால் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவான், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் யூடியூப்பில் பார்த்தான். பாலத்துக்கு அடியில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் பெட்டி ஒன்று, மேட்டு மண்டபத்தில் சைரனோடு இன்னொரு பெட்டி. ஒவ்வொன்றிலும் மூளையாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர். ஆனால் மூளைக்குத் தொண்டை கிடையாது, அதன் பேச்சு மேசையைத் தாண்டாது. ஆற்றிலிருந்து மேடுவரை இரண்டு கம்பிகளில் பேச்சைக் கொண்டுபோக சிப் என்கிற ஒரு சில்லு வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவு, எட்டுக் கால்.

அந்த எட்டில் இரண்டு கால்களைச் சேர்த்து, மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து வரும் ஒரு கம்பியில் கட்ட வேண்டும். அந்தக் கம்பியில் மின்சாரம் ஏறினால் சில்லு பேசும். இறங்கினால் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாது. முதல் முறை குணாளன் அந்த நெடுங்கம்பி இரண்டையும் ஒரு முனையில் மாற்றிக் கட்டிவிட்டு, திரையில் வந்த கண்ட கண்ட எழுத்துகளைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாற்றிக் கட்டியதும், பிளாஸ்டிக் வாளியில் இருந்த தண்ணீரின் உயரம் ஒழுங்காக வந்தது. சைரனின் சத்தம் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கும் கருப்பாயிக்கும் கைப்பேசியில் போட்டுக் காட்டினான்.

"இது கேட்டதும் மேட்டுல இருக்குற வேன்காரர கூப்பிடுறேன், ஒங்கப்பாவ ஏத்துறேன்," என்றாள் கருப்பாயி. "அலமாக், என்னா சத்தம் இது. செத்தவன்கூட எழுந்திருச்சிருவான்."

சதாசிவத்துக்கும் சத்தம் பிடித்திருந்தது. இன்னொரு முறை போடச் சொன்னார்.

செயற்குழுவுக்கு விளக்கிக் காட்டுகிற நாளில் குணாளன் வாளியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். தலைவர் காளியப்பன் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரிகள் வைத்திருப்பவர், நல்ல உடம்பு. வலப்பக்கம் துணைத்தலைவர் செல்லப்பன், இடப்பக்கம் செயலாளர் தயானந்தன். தயானந்தன் மாவட்ட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யார் எங்கே உட்கார வேண்டும், யார் பெயரை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதில் அவரை அசைக்க ஆளில்லை. பேசினால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

"இதுல நம்ம பெட்டி எது?" என்றார் தலைவர்.

"இதுதான் தலைவரே, மேடையில வைக்கப் போறது. அது ஆத்துப் பெட்டி."

"நம்ம பெட்டி என்னா செய்யும்?"

"தண்ணி எவ்ளோ இருக்குன்னு சுருக்கமா விசாரிக்கும். அப்புறம் பேசாம இருந்து ஆத்துப் பெட்டி சொல்றத வாங்கிக்கும். தண்ணி ஏறிடுச்சின்னா சைரன் அடிக்கும்."

"பேசாம இருக்குமா?"

"ஆமா தலைவரே. பாதி நேரம் காது குடுத்துக்கிட்டுத்தான் இருக்கும்."

காளியப்பன் பெட்டியைப் பார்த்தார். "மேடையில ஒக்காந்துக்கிட்டா?"

தயானந்தன் தொண்டையைச் செருமினார். "தலைமையிடம் மேடையில் அமர்ந்து செவிமடுத்ததாக நமது கூட்டக் குறிப்புகளில் இதுவரை பதிவு ஏதும் இல்லை. செவிமடுப்பது உறுப்பினர்களின் உரிமை. அதைத் தலைமை பறிப்பது முறையாகாது."

குணாளன் அப்பாவிடம் கேட்டு வைத்திருந்த உதாரணத்தை எடுத்துவிட்டான். "முன்ன லாபிஸ் லைன்ல ஒத்தத் தண்டவாளம்தானே இருந்துச்சி. ஒரு ரயில் வந்துச்சின்னா எதிர்ல வர்றது ஸ்டேஷன்ல நிக்கும். அந்த மாதிரிதான். ஒண்ணு பேசுனா ஒண்ணு நிக்கணும்."

"இப்ப டபுள் டிராக் போட்டாச்சே தம்பி," என்றார் செல்லப்பன். "கவர்மெண்டே முன்னேறிப் போயிடுச்சி. நம்ம சங்கம் மட்டும் இன்னும் ஒத்தத் தண்டவாளத்துலயே நிக்கணுமா?"

அதற்கும் வழி இருக்கிறது, நாலு கம்பி இழுத்து வேறு சில்லு போட்டால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பேசலாம் என்றான் குணாளன். குழு கொஞ்சம் நெளிந்தது. இரண்டு கம்பிக்குத்தான் போன மாதம் அடிக்கல் நாட்டு விழா நடந்திருந்தது. கம்பிக்கு எதற்கு அடிக்கல் என்று யாரும் கேட்கவில்லை, கல்லில் பெயர் வெட்டியாகிவிட்டது. 'இரட்டைக் கம்பித் திட்டம்' என்று கல்லில் இருக்கும்போது நாலு கம்பி இழுத்தால் கல் பொய் சொன்னதாகிவிடும் என்று செயலாளர் சுட்டிக்காட்டினார்.

கடைசியில் தலைவரே ஒரு தீர்வு கண்டார். ஜனங்கள் பார்க்கிற மாதிரி பாலத்தின் மேல் ஓர் எழுத்தோடும் மின்பலகை வைப்பது, சங்கத்துப் பெட்டி அதே கம்பி வழியாக அதற்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பது. பெட்டிக்கும் வேலை இருக்கும், மேடைக்கும் மரியாதை இருக்கும்.

"ஆத்துப் பெட்டி பேச எடம் வேணுமே தலைவரே," என்றான் குணாளன்.

"பேசட்டும், நான் வேணாங்கலயே. நாம பேசி முடிச்சதும் பேசட்டும்," என்றார் காளியப்பன்.

குணாளன் சரி என்றான்.

திறப்பு விழாவுக்கு நல்ல நாள் பார்த்தார்கள். குருக்கள் வந்து பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெளியே வைத்தால் பலன் வெளியோடு போய்விடும் என்று மூடியைத் திறக்கச் சொல்லி, சில்லின் நெற்றி என்று அவருக்குத் தோன்றிய இடத்தில் ஈரச் சந்தனத்தை அப்பினார். பெட்டி செத்தது. குணாளன் கழிவறைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து உயிர் கொடுத்துக்கொண்டு வந்தபோது சைரனைப் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தினால் சைரன் அலறும் என்பது ஏற்பாடு. ஆனால் மங்களமான நாளில் சாவு வீட்டுச் சங்கு மாதிரி அலற விடுவதா? நாதஸ்வரக்காரர் இருந்தார். விருந்தினர் பொத்தானை அழுத்தினார், நாதஸ்வரக்காரர் ஊதினார். அபாயச் சைரன் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்று விருந்தினர் பாராட்டினார்.

காளியப்பன் உரையாற்றினார். "வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி இந்தச் சங்கம் பேசும். வெள்ளம் வரும்போது பேசும். வெள்ளம் வடிஞ்ச பிறகும் பேசும். எவனாலயும் இந்தச் சங்கத்தோட வாய மூட முடியாது." பலத்த கைத்தட்டல்.

அன்று பலகையில் ஓட வேண்டிய வரவேற்புச் செய்தி நடுவில் விட்டு விட்டு வரக் கூடாது, சிறப்பு விருந்தினர் பெயர் பாதியில் நின்றால் அவமானம் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நிறுத்தாமல் பேச வேண்டுமானால் ஒரே வழிதான். குணாளன் சில்லின் அந்த இரண்டு கால்களையும் மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து பிரித்து, நேராக மின்சாரத்தில் கட்டினான். இனி அது பேசிக்கொண்டே இருக்கும், எதையும் காதில் வாங்காது. விழா முடிந்த கையோடு மாற்றிவிடலாம் என்று நினைத்தான். விழா முடிந்த கையோடு பெட்டியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி தலைவரின் இடுப்பில் போய்ச் சேர்ந்தது.

விருந்தினரை வரவேற்று முடிந்ததும் பலகை சும்மா இருக்குமே என்று செயற்குழுவினரின் பெயர்களை ஓடவிட்டார்கள். அப்புறம் ஆலோசகர்கள், புரவலர்கள், முன்னாள் தலைவர்கள், இந்நாள் தலைவரின் மறைந்த தந்தையார். பட்டத்தோடு, அடைமொழியோடு, வரிசை மாறாமல். கீழ்வரிசை வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பலகை நன்றாகத் தெரியும். சதாசிவத்துக்கு டிவி பார்ப்பதைவிட அது பிடித்துப்போனது.

"டேய் குணா, பொருளாளர் கொஞ்சம் வேகமா ஓடுறாரு. எங்கயோ அவசரம் போல," என்பார். இன்னொரு நாள் மைலோவை ஆற்றிக்கொண்டே கேட்டார். "எல்லார் பேரும் ஓடுதே. ஆத்துக்கு எப்பப்பா மொற வரும்?"

குணாளனுக்குச் சுருக்கென்றது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றான். பட்டியலில் எங்காவது ஓரிடத்தில் ஒரே ஒரு வினாடி நிறுத்தினால் போதும், அந்த வினாடியில் ஆறு தன் சேதியைச் சொல்லிவிடும் என்றான். ஒரு வினாடிதானே என்று எல்லாரும் தாராளமாகத் தலையாட்டினார்கள்.

"யார் பெயருக்குப் பிறகு நிறுத்துவது?" என்றார் தயானந்தன்.

தலைவர் பெயருக்குப் பிறகு நிறுத்தினால் அதற்குப் பின்னால் வருகிறவர்கள் வேறு சங்கம் மாதிரி தெரியும் என்றார் ஒருவர். செல்லப்பனுக்கு அதைவிடப் பெரிய கவலை. "தலைவருக்கு அடுத்தது நான். என் பேருக்கு முன்னாடி நின்னா, இவனப் போடலாமா வேணாமான்னு சங்கம் யோசிக்கிற மாதிரி இருக்காதா?" தன் பெயருக்குப் பிறகு நின்றால் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று ஊர் பேசும் என்றார் பொருளாளர். மகளிர் என்றால் மட்டும் நிறுத்திவிடுவீர்களா என்று மகளிர் பிரிவுத் தலைவி கேட்டார். மறைந்த தந்தையாருக்குப் பிறகு நிறுத்தலாம் என்று யாரோ சொல்ல, காளியப்பன் சொன்னவரைப் பார்த்த பார்வையில் அவர் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"கடைசிப் பேருக்கும் மொதப் பேருக்கும் நடுவுல நிறுத்தலாமே," என்றான் குணாளன்.

தயானந்தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அங்கே நிறுத்தினால், பட்டியலுக்குக் கடைசி என்று ஒன்று உண்டு என்பது வெளிப்பட்டுவிடும். நமது சங்கத்தில் கடைசி என்று எவரும் இல்லை. சமத்துவமே நமது கொள்கை."

இந்தச் சிக்கலை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழுவினரின் பெயர்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. சேர்க்கிற வேலை குணாளனுடையது. வீட்டுக்குப் போகும் வழியில் அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொழிற்சாலையில் நாளெல்லாம் இயந்திரச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்தால் காது ஒரு மாதிரி பஞ்சு அடைத்தது போல இருக்குமே, அப்படி உள்ளே எல்லாம் அடைத்துக் கிடந்தது. துணைக்குழு கூடட்டும், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் படுத்துக்கொண்டான்.

துணைக்குழு கூடுவதற்கு முன்பே மலையில் மழை பெய்துவிட்டது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. கம்பத்தில் நல்ல வெயில். தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் குணாளன் எடுத்துப் பார்த்தபோது கருப்பாயி பலமுறை கூப்பிட்டிருந்தாள்.

"தம்பி, அந்தச் சத்தம் வரவே இல்லப்பா," என்றாள். அழுகிறாளா மூச்சு வாங்குகிறாளா என்று தெரியவில்லை. "நான் டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். வெயில் அடிக்குதேன்னு நெனச்சேன். திரும்பி வந்தா பாலத்துக்கு அந்தாண்ட போக முடியல. வேன்காரரு மேட்டுலதான் இருந்திருக்காரு. அவருக்கும் ஒண்ணும் கேக்கல."

"அப்பா?"

"வீட்டுலதான் தம்பி."

சாலை இரண்டு இடத்தில் மூழ்கியிருந்தது. யார் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு, கடைசிப் பாதியை நடந்தே அவன் பாலத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஆறு என்று தனியாக ஒன்றும் இல்லை. கீழ்வரிசையில் கூரைகள் மட்டும் இருந்தன. பாலத்துத் தூணில் மின்பலகை உயரமாக, ஈரம்கூடப் படாமல், பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. தலைவர். துணைத்தலைவர். செயலாளர். மீட்புப் படகுக்காக நின்ற நேரத்தில் அவன் பட்டியலை முழுதாக ஒருமுறை படித்துவிட்டான். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அவன் கையால் சேர்த்தது.

படகில் போனவர்கள் சதாசிவத்தை ஜன்னல் ஓரத்தில் கண்டெடுத்துப் பாலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாற்காலியின் வாரைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. அவிழ்த்துத்தான் என்ன செய்வது. குணாளன் அப்பாவின் முகத்தைத் துடைத்தான், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான். அழ வேண்டும் என்று தெரிந்தது, அழுகை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தலைக்கு மேலே பட்டியல் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

வெள்ளம் வடிந்தது, காரியங்கள் முடிந்தன. நிவாரண மையமாக இருந்த தமிழ்ப்பள்ளிக்குச் செயற்குழு பொன்னாடையோடு வந்தது. துக்கத்துக்குப் போடுகிற பொன்னாடை என்பதால் சரிகை குறைவாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள்.

"ஒங்கப்பா இந்தச் சங்கத்தோட சொத்து குணா," என்றார் காளியப்பன். "கடைசி வரைக்கும் நம்ம பலகையப் பார்த்துக்கிட்டே போயிருக்காரு. எந்தத் தலைவருக்குக் கெடைக்கும் இந்தக் கொடுப்பினை?"

அவர் குரல் உண்மையாகவே கம்மியது. குணாளன் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டான். மனிதர் பொய்யாக அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலையில் மண்டபத்தில் இரங்கல் கூட்டம் என்று முடிவானது. சதாசிவத்தின் பெயரைப் பலகையில் சேர்க்க வேண்டும், சேர்த்து ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும். பலகையும் காக்க வேண்டும், சங்கத்துப் பெட்டியும் ஒரு சொல் பேசாமல் இருக்க வேண்டும் என்றார் செயலாளர்.

"யார் பேருக்குப் பிறகு நிறுத்துறது?" என்று கேட்டான் குணாளன்.

எல்லாரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "சதாசிவம் அவர்களின் பெயருக்குப் பிறகுதான். இதிலென்ன சந்தேகம்?" என்றார் தயானந்தன். ஆட்சேபணை உண்டா என்று சுற்றிலும் பார்த்தார். செல்லப்பனுக்கு இல்லை, பொருளாளருக்கு இல்லை, மகளிர் பிரிவுக்கு இல்லை. சங்கத்தில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான் என்று செயலாளர் பெருமையோடு குறித்துக்கொண்டார்.

தலைவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். ஞாயிறு காலையில், யாரும் வருவதற்கு முன்னால், குணாளன் கண்ணாடிக் கூண்டைத் திறந்தான். சில்லின் இரண்டு கால்களையும் மின்சாரத்திலிருந்து பிரித்து, முன்பு இருந்தபடி மைக்ரோகன்ட்ரோலரில் கட்டினான். அப்பா பெயருக்குப் பிறகு ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தும்படி எழுதினான். அந்த ஒரு நிமிடத்தில் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆகவே முதலில் எழுதியதையே போட்டான். தண்ணீர் எவ்வளவு என்று ஒரு முறை விசாரிப்பது, பிறகு காது கொடுப்பது. சாதாரண வேலைதான்.

கூட்டம் தொடங்கியது. வெளியே வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கீழ்வரிசையில் பாதிப் பேர் வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். காளியப்பன் பேசினார், செல்லப்பன் பேசினார், சதாசிவத்தைப் பார்த்தே இராத ஒருவர் நீண்ட நேரம் பேசினார். பிறகு எல்லாரும் எழுந்து நிற்க, தலைவர் பொத்தானை அழுத்தினார். வாசல் வழியாகத் தெரிந்த பாலத்துப் பலகையில் பெயர்கள் ஓடின. கடைசியில் 'சதாசிவம்' வந்தது, நின்றது. பட்டம் இல்லை, அடைமொழி இல்லை. மண்டபம் தலைகுனிந்தது. சங்கத்துப் பெட்டி, பொருத்தப்பட்ட நாளிலிருந்து முதல் தடவையாக, வாயை மூடியது.

உடனே கூரைமேல் சைரன் அலறியது.

நாதஸ்வரம் மட்டுமே கேட்டிருந்த ஊருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. ஏதோ லாரி என்று நினைத்தார்கள். தலைவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து குணாளனைப் பார்த்தார். அசையாமல் நின்ற வரிசையில் கருப்பாயி மட்டும் திரும்பினாள், குணாளனின் முகத்தைப் பார்த்தாள், செருப்பைத் தேடாமல் வாசலுக்கு ஓடினாள்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க," என்றார் காளியப்பன் மைக்கில். "மௌனம் இன்னும் முடியல."

"தண்ணி வருதுங்க," என்றாள் அவள் வாசலிலிருந்து. "ஏய், கீழ பிள்ளைங்கல்லாம் இருக்கு, வாங்க எல்லாரும்."

நாற்காலிகள் சாய்ந்தன. ஜனங்கள் வெளியேறினார்கள். மேடையில் இருந்தவர்கள் மட்டும் வரிசை கலையாமல் நின்றார்கள். சைரன் நிற்கவில்லை.

"யார் இத அடிக்கச் சொன்னது?" என்று காளியப்பன் மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "நிறுத்து குணா. ஒங்கப்பாவுக்குத்தானே மரியாத செய்றோம்."

குணாளன் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தான். சாவி அவன் கையில்தான் இருந்தது. உள்ளே அடைத்துக் கிடந்தது மெதுவாக இளகியது.

"ஆறு பேசுது தலைவரே," என்றான். "இப்பதான் அதுக்கு மொற வந்திருக்கு."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். மௌனத்துக்கு இடையூறு நேர்ந்துவிட்டபடியால் அதை முதலிலிருந்து மறுபடி கடைப்பிடிக்க வேண்டும் என்று செயலாளர் பின்னால் அறிவித்துக்கொண்டிருந்தார். பாலத்தடியில் தண்ணீர் பழுப்பாக ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் கீழ்வரிசைப் பாதை இன்னும் காய்ந்தே இருந்தது. இந்தத் தடவை நேரம் இருந்தது. கருப்பாயி வேன்காரரைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீழ்வரிசையில் நடக்க முடியாத ஆட்கள் இன்னும் இருந்தார்கள். குணாளன் அழுதுகொண்டே போய் முதல் வீட்டின் கதவைத் தட்டினான்.